தூரம் கடந்த திரவம்: கடலூர்க் கரையின் ஐஸ் பிளாண்டுகளும் அமோனியாப் பம்பின் வரலாறும்

வடலூர் நாற்சந்தியிலிருந்து மேற்கே போகும் விருத்தாசலம் சாலை, மந்தாரக்குப்பத்தைத் தொட்டு நெய்வேலிச் சுரங்கங்களை ஒட்டிச் செல்கிறது. கிழக்கே திரும்பினால் குறிஞ்சிப்பாடி, அதைத் தாண்டிக் கடலூர் முதுநகர், மீன்பிடித் துறைமுகம். இந்தச் சாலையின் மேற்கு முனையில் 1966 முதல் அமோனியா தயாரானது. பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, அதிலிருந்து அமோனியா எடுத்து, அமோனியாவை யூரியாவாக்கியது நெய்வேலியின் உரத் தொழிற்சாலை. கிழக்கு முனையில் அதே அமோனியா இன்னொரு வேலை பார்த்தது. ஐஸ் பிளாண்டுகளின் இரும்புக் குழாய்களுக்குள் கொதித்து, மீண்டும் திரவமாகி, மறுபடியும் கொதித்து, விசைப்படகுகளுக்கு வேண்டிய பனிக்கட்டியை நாள்தோறும் உண்டாக்கியது. நெய்வேலியின் உரத்தைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. துறைமுகத்தின் குளிரைப் பற்றி எழுதியவர்கள் அரிது.

குளிர்பதனத்தின் வரலாறு என்று கிடைப்பதும் பெரும்பாலும் கம்ப்ரஸரின் வரலாறுதான். யார் முதலில் எந்த வாயுவை அழுத்தினார், எந்த ஆண்டு காப்புரிமை பெற்றார் என்பதோடு கதை முடிந்துவிடும். ஆனால் குளிர் பிறப்பது கம்ப்ரஸரில் இல்லை. திரவ அமோனியா கொதிக்கும் இடத்தில்தான் வெப்பம் உறிஞ்சப்படுகிறது. அந்தத் திரவத்தைக் கொதிக்க வேண்டிய இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது, கொதிக்காமல் மிஞ்சியதை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் வந்தன: கையால் திருகும் வால்வு, புவியீர்ப்பு, பம்பு. இவற்றுள் பம்பு கடைசியில் வந்ததால் மற்ற இரண்டும் பழையன, பின்தங்கியவை என்றொரு எண்ணம் பொறியாளர்களிடமே உண்டு. அது சரியல்ல என்பது இக்கட்டுரையின் வாதம். இயந்திர அறைக்கும் குளிர வேண்டிய இடத்துக்கும் இடையே தூரம் விழுந்தபோதும், வெப்பநிலை மிகவும் கீழே போனபோதும் மட்டுமே பம்பு தேவைப்பட்டது. அந்த இரண்டும் நேராத இடங்களில் புவியீர்ப்பு இன்றும் போதுமானதாக இருக்கிறது. கடலூர்க் கரையைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

கப்பலில் வந்த பனியும் இயந்திரத்தில் பிறந்த பனியும்

தமிழகத்துக்குப் பனிக்கட்டி முதலில் கப்பலில் வந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பத் தொடங்கிய ஏரிப்பனி பின்னர் சென்னைக்கும் வந்தது. அதைச் சேமிக்கக் கடற்கரையில் 1842 வாக்கில் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். சென்னையில் 1874இல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி பனிக்கட்டியை உள்ளூரிலேயே தயாரிக்கத் தொடங்கியதும் கப்பல் பனிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஐரோப்பாவில் அதற்குள் அமோனியா களத்துக்கு வந்துவிட்டது. பிரான்சின் ஃபெர்டினான்ட் கர்ரே 1859இல் அமோனியாவையும் நீரையும் கொண்டு இயங்கும் உறிஞ்சல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் டேவிட் பாயில் 1872இல் அமோனியாக் கம்ப்ரஸருக்கு உரிமை பெற்றார். ஜெர்மனியில் கார்ல் ஃபான் லிண்டே 1876இல் தம் அமோனியா இயந்திரத்தை உருவாக்கி, 1879இல் அதற்கென நிறுவனமும் தொடங்கினார். மதுவடி ஆலைகள் அவருடைய முதல் வாடிக்கையாளர்கள்.

அமோனியாவைத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் அதன் உள்ளுறை வெப்பம். காற்றழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 33 டிகிரியில் கொதிக்கும் இந்தத் திரவத்தின் ஒவ்வொரு கிலோவும் கொதிக்கையில் ஏறக்குறைய 1,370 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. பின்னாளில் போட்டிக்கு வந்த ஆர்-22 என்னும் ஃபிரியான் வகை வாயு இதில் ஆறில் ஒரு பங்கைத்தான் விழுங்கும். அதே வெப்பத்தை எடுக்க ஆர்-22 என்றால் எடையில் ஆறு மடங்கு, பருமனில் மூன்று மடங்கு திரவம் ஓட வேண்டும். திரவத்தை ஓடவைப்பதுதான் நம் பொருள் என்பதால் இந்தக் கணக்கு முக்கியமானது. அமோனியாவைச் சுற்றவைக்கச் சிறிய குழாயும் சிறிய பம்பும் போதும்.

பிரைன் தொட்டியின் ஓரத்தில்

தமிழகக் கரையோர ஐஸ் பிளாண்டு ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தரையோடு தரையாகக் கிடக்கும் மரப்பலகை மூடிகள். அவற்றின் கீழே பிரைன் தொட்டி. உப்புக் கரைசல் சுழியத்துக்குக் கீழே எட்டுப் பத்து டிகிரியில் நின்றாலும் உறையாது. அதற்குள் தண்ணீர் நிரப்பிய துத்தநாகப் பூச்சுத் தகரக் கேன்கள் வரிசையாக நிற்கும். ஒரு கேனில் 50 கிலோ பார். ஓரத்தில் அஜிடேட்டர் சுழன்று கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்கும். ஒரு கேன் முழுதாக உறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். உறைந்த வரிசையை மேல்நிலைக் கொக்கியால் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்தால், ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பிறகு கிரஷர், பிறகு படகின் பனி அறை.

அமோனியாவின் வேலை இந்தத் தொட்டியின் இன்னொரு பக்கத்தில் நடக்கிறது. கேன்களுக்கு அருகே, அதே உப்புக் கரைசலில் மூழ்கி, இரும்புக் காயில் நிற்கும். அதற்கு மேலே, தொட்டியின் விளிம்பைத் தாண்டிய உயரத்தில், ஓர் உருளை வடிவக் கலம்: அக்யுமுலேட்டர். கண்டென்சரில் குளிர்ந்து ரிசீவரில் தேங்கிய திரவ அமோனியா, மிதவை வால்வு வழியாகவோ கை வால்வு வழியாகவோ இந்தக் கலத்துக்குள் வரும். கலத்தின் அடியிலிருந்து குளிர்ந்த திரவம் தன் எடையாலேயே காயிலுக்குள் இறங்கும். காயிலில் கொதித்து, ஆவியும் மிச்சத் திரவமும் கலந்த இலேசான கலவையாக மீண்டும் மேலே ஏறிக் கலத்துக்குள் திரும்பும். கனமான திரவம் இறங்குவதும் இலேசான கலவை ஏறுவதும் ஓயாமல் நடக்கும். இதற்கு மோட்டார் இல்லை, தண்டு இல்லை, சீல் இல்லை. ஆவி மட்டும் கலத்தின் தலைப்பகுதியிலிருந்து கம்ப்ரஸருக்குப் போகும்.

எவ்வளவு அமோனியா இப்படிச் சுற்றுகிறது? முப்பது டிகிரித் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கிச் சுழியத்துக்குக் கீழே எட்டு டிகிரி வரை குளிர்விக்கக் கிலோவுக்கு ஏறக்குறைய 477 கிலோஜூல் எடுக்க வேண்டும். காயிலில் அமோனியா கழித்தல் 15 டிகிரியில் கொதிப்பதாகக் கொண்டால், ஒரு டன் ஐஸுக்கு ஏறக்குறைய 360 கிலோ அமோனியா கொதித்தாக வேண்டும். இழப்புகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். நாளைக்கு 20 டன் ஐஸ் தரும் பிளாண்டில் ஒவ்வொரு நாளும் ஏழு டன்னுக்கு மேல் அமோனியா காயிலைக் கடக்கிறது. அவ்வளவையும் ஒரு பம்பும் இல்லாமல் ஈர்ப்பு விசையே கடத்துகிறது.

கையால் திருகிய காலம்

இந்த அமைப்புக்கு முன்னே இருந்தது கை வால்வு. ரிசீவரிலிருந்து வந்த திரவம் ஊசி வால்வு ஒன்றின் வழியாக நேரே காயிலின் ஒரு முனைக்குள் நுழையும். மறுமுனையிலிருந்து ஆவி நேரே கம்ப்ரஸருக்குப் போகும். எவ்வளவு திறப்பது என்பது ஆப்பரேட்டரின் கண்ணிலும் கையிலும் இருந்தது. குறைவாகத் திறந்தால் காயிலின் பாதி வறண்டு கிடக்கும். வறண்ட இரும்பு வெப்பத்தை உறிஞ்சாது. அதிகமாகத் திறந்தால் கொதிக்காத திரவம் கம்ப்ரஸரின் சிலிண்டருக்குள் போய் அடிக்கும். திரவம் அமுங்காது என்பதால் வால்வுத் தட்டு உடையும், சில நேரம் சிலிண்டர் தலையே பெயரும். உறிஞ்சு குழாயின் மேல் படரும் உறைபனி கம்ப்ரஸரை நோக்கி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே வால்வைத் திருகிய ஆப்பரேட்டர்களின் திறமையை எந்தக் கையேடும் பதிவு செய்யவில்லை. அந்தத் திறமை பெரியது. ஆனால் அதை நம்பி இரவு முழுதும் ஒரு தொழிற்சாலையை ஓட்டுவது ஆபத்தானது.

இன்னொரு குறையும் அதில் இருந்தது. நம் ஊர் வெயிலில் கண்டென்சரிலிருந்து 38 டிகிரியில் வெளிவரும் திரவம், வால்வைத் தாண்டிக் கழித்தல் 15 டிகிரிக்கு இறங்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகிவிடுகிறது. கழித்தல் 40 டிகிரிக்கு இறக்கினால் நான்கில் ஒரு பங்கு. இந்த ஆவி ஒரு வேலையும் செய்யாமல் காயிலின் இடத்தை அடைத்துக்கொள்ளும். அக்யுமுலேட்டர் வந்தபோது ஆவி அங்கேயே பிரிந்து கம்ப்ரஸருக்குப் போய்விட்டது. காயிலுக்குத் தூய திரவம் மட்டும் கிடைத்தது. கம்ப்ரஸருக்கும் திரவம் போகாத பாதுகாப்பு வந்தது. காயிலின் உட்சுவர் முழுதும் ஈரமாக இருக்க வேண்டும், கம்ப்ரஸருக்குப் போகும் ஆவி உலர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற இரண்டு எதிரெதிர்த் தேவைகளையும் ஒரே கலம் தீர்த்துவைத்தது. குளிர்பதனத்தின் உண்மையான திருப்பம் என்று நான் கருதுவது இதைத்தான். பின்னால் வந்த பம்பு இந்தக் கலத்தின் நீட்சியே.

ஒரு மீட்டர் உயரத்தின் இரு முகங்கள்

பிறகு பம்பு ஏன் வந்தது?

ஐஸ் பிளாண்டில் பிரைன் தொட்டி ஒன்றுதான். காயில் அதற்குள்ளேயே இருக்கிறது. கம்ப்ரஸர் சுவருக்கு அந்தப் பக்கம். ஆனால் இறைச்சி, மீன், பழம் சேமிக்கும் பெரிய குளிர்க்கிடங்கில் இருபது முப்பது அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குளிர்விப்பான்கள் இருக்கும். ஈர்ப்பு முறையில் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கலம், ஒரு மிதவை வால்வு, எண்ணெய் வடிக்க ஒரு குழாய் என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். கம்ப்ரஸர் எண்ணெய் திரவ அமோனியாவைவிடக் கனமானது. கலத்தின் அடியில் தேங்கும். அவ்வப்போது வடித்தாக வேண்டும். வடிக்கும்போதுதான் பல விபத்துகள் நடந்திருக்கின்றன. முப்பது இடத்தில் வடிப்பதைவிட இயந்திர அறைக்குள் ஓரிடத்தில் வடிப்பது எவ்வளவோ மேல். ஆகவே ஒரே பெரிய தாழ்வழுத்தக் கலத்தை இயந்திர அறையில் வைத்து, அதன் அடியிலிருந்து பம்பால் திரவத்தை எல்லா அறைகளுக்கும் தள்ளி, கொதித்ததும் கொதிக்காததுமாக எல்லாவற்றையும் அதே கலத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் முறை உருவாயிற்று. கொதிக்க வேண்டிய அளவைப்போல மூன்று நான்கு மடங்கு திரவத்தை வேண்டுமென்றே கூடுதலாக அனுப்புவார்கள். தட்டு உறைவிப்பான்களுக்கு அதைவிடக் கூடுதல். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பரவியது. நார்வேயின் ட்ரோன்ட்ஹைமில் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் லோரென்ட்சன் இந்தக் கலங்களையும் குழாய்களையும் எப்படி அளவிடுவது என்பதற்கு அறிவியல் அடிப்படை தந்தவர்களில் ஒருவர்.

இரண்டாவது காரணம் வெப்பநிலை. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கொதிக்கும் திரவத்தின் மேல் ஒரு மீட்டர் உயரத் திரவம் நின்றால், அடியில் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும். கழித்தல் 15 டிகிரியில் ஒரு மீட்டர் அமோனியாவின் எடை கொதிநிலையை ஏறக்குறைய 0.65 டிகிரி உயர்த்துகிறது. ஐஸ் பிளாண்டில் இது ஒரு பொருட்டே இல்லை. கழித்தல் 40 டிகிரியில் அதே ஒரு மீட்டர் ஏறக்குறைய 1.75 டிகிரி உயர்த்திவிடுகிறது. இறாலை உறையவைக்கும் ஆலையில் மேலே கழித்தல் 40 இருந்தும் காயிலின் அடிப்பகுதி அதை எட்டாது. அதை ஈடுகட்டக் கம்ப்ரஸர் இன்னும் கீழே இழுக்க வேண்டும், மின்சாரம் வீணாகும். ஈர்ப்பு முறை மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் தன் எடையாலேயே தோற்கிறது.

அதே ஒரு மீட்டர் பம்புக்கு நேர்மாறாக உதவுகிறது. கலத்தில் இருக்கும் அமோனியா கொதிநிலையின் விளிம்பிலேயே நிற்கும் திரவம். பம்பின் வாயில் அழுத்தம் சற்றே குறைந்தாலும் உள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். குமிழிகள் சக்கரத்தில் மோதி உடைய, பம்பு கரகரவென்று சத்தமிடும். ஆம்பியர் முள் ஆடும். பிறகு திரவமே ஏறாது. இதைத் தடுக்கவே கலத்தை உயரத்தில் ஏற்றிப் பம்பைக் கீழே வைக்கிறார்கள். இடையே நிற்கும் திரவத்தின் எடை பம்பின் வாயில் அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை மேலே தள்ளிவிடும். ஒரு மீட்டருக்குக் கழித்தல் 40இல் 1.75 டிகிரிப் பாதுகாப்பு, கழித்தல் 15இல் 0.65 மட்டும். எந்த இயற்பியல் தாழ்ந்த வெப்பநிலையில் ஈர்ப்பு முறைக்குத் தடையாயிற்றோ, அதுவே அங்கே பம்புக்கு இடம் கொடுத்தது. பம்பு உறைபதன ஆலைகளில் வேரூன்றியதும் ஐஸ் பிளாண்டுகளில் ஊன்றாததும் தற்செயலில்லை என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்கே சான்று.

சீலிலிருந்து உறைக்கு

தொடக்ககாலப் பம்புகள் பற்சக்கர வகையாகவும் பிறகு மையவிலக்கு வகையாகவும் இருந்தன. மோட்டார் வெளியே, சக்கரம் உள்ளே, இடையே சுழலும் தண்டு. தண்டு உடலுக்குள் நுழையும் இடத்தில்தான் எல்லாத் தொல்லையும். குளிர்ந்த தண்டின் மேல் காற்றின் ஈரம் உறைந்து பனியாகி சீலைத் தின்னும். சீல் தேய்ந்தால் அமோனியா கசியும். ஐந்து பிபிஎம் அளவிலேயே மூக்கில் ஏறும் வாயு இது. 300 பிபிஎம் என்றால் உயிருக்கே ஆபத்தான அளவு. இரண்டு சீல்களை வைத்து நடுவே அழுத்தத்தில் எண்ணெய் நிரப்பும் முறை இதற்கு மருந்தாக வந்தது. அமெரிக்காவின் பல ஆலைகளில் இன்றும் இவ்வகைப் பம்புகள் ஓடுகின்றன. பராமரிப்புத் தெரிந்தவர் கையில் அவை நல்ல பம்புகள்.

தண்டே வெளியே வராத பம்புக்கு உந்துதல் வேறு துறையிலிருந்து வந்தது. 1954இல் அமெரிக்கா கடலில் இறக்கிய அணுசக்தி நீர்மூழ்கி நாட்டிலஸின் உலையில், கதிரியக்க நீர் ஒரு துளியும் கசியாதபடி வெஸ்டிங்ஹவுஸ் உறையிட்ட மோட்டார்ப் பம்புகளைப் பொருத்தியது. அதே கோட்பாடு வேதித் தொழிலுக்கும் குளிர்பதனத்துக்கும் வந்தது. ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் அருகேயுள்ள குண்டல்ஃபிங்கனின் ஹெர்மெட்டிக் நிறுவனமும் ஆஹன் நகரின் வித் நிறுவனமும் இத்துறையில் பெயர் பெற்றவை.

தமிழக விவசாயிக்கு இந்தப் பம்பைப் புரியவைக்க நீண்ட விளக்கம் வேண்டாம். போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரைப் போன்றதுதான் இதுவும். மோட்டாரின் சுழலி திரவத்துக்குள்ளேயே சுழல்கிறது. பேரிங்குகளுக்கு அந்தத் திரவமே மசகு, அதுவே குளிர்ச்சி. வேறுபாடு வைண்டிங்கில் இருக்கிறது. போர்வெல் மோட்டாரில் நீர்புகாக் காப்பிட்ட கம்பி தண்ணீரிலேயே மூழ்கியிருக்கும். அமோனியாவோ ஈரத்தோடு சேர்ந்தால் செம்பை அரிக்கும். ஆகவே செம்பு வைண்டிங்குக்கும் சுழலிக்கும் இடையே மெல்லிய உலோக உறை ஒன்றைப் பொருத்தி, அமோனியா செம்பைத் தொடாமல் காக்கிறார்கள். காந்தப்புலம் மட்டும் உறையைக் கடந்து சுழலியைச் சுழற்றுகிறது. வறண்டு ஓடினால் போர்வெல் மோட்டார் எரிவதுபோல இதுவும் பாழாகும். மிகக் குறைவாக ஓட்டம் இருந்தால் மோட்டார் வெப்பத்தில் உள்ளிருக்கும் அமோனியா கொதிக்கும்; மிக அதிகமாக ஓடினால் வாயில் அழுத்தம் சரிந்து கொதிக்கும். எனவே குறைந்தபட்ச ஓட்டத்தைக் கலத்துக்கே திருப்பிவிட ஒரு துளைத்தட்டும், அதிகபட்சத்தைக் கட்டுப்படுத்த இன்னொன்றும் குழாயில் இருக்க வேண்டும். இந்த இரண்டு தட்டுகளையும் செலவு மிச்சம் என்று விட்டுவிடும் ஒப்பந்ததாரர், பம்பையே விட்டுவிட்டதற்குச் சமம்.

அளவில் இது சின்னக் கருவி. கழித்தல் 40 டிகிரியில் 100 டன் குளிர்பதனத் திறன் கொண்ட ஓர் உறைபதன ஆலையில் மணிக்கு ஏறக்குறைய 910 கிலோ அமோனியா கொதிக்கிறது. நான்கு மடங்கு அனுப்பினாலும் மணிக்கு மூன்றரை டன்னுக்குச் சற்று மேல். பருமனில் ஐந்து கன மீட்டர் சொச்சம். ஒரு வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீரைவிடக் குறைவான ஓட்டத்தில் ஆலை முழுதும் உறைகிறது.

இறால் கேட்ட குளிர், மத்தி கேட்ட குளிர்

இந்தியக் கடற்கரைக்கு உறைபதனத்தைக் கொண்டுவந்த நிகழ்வுகளில் முதன்மையானது இந்தோ-நார்வேத் திட்டம். ஐக்கிய நாடுகள் அவை, நார்வே, இந்தியா மூன்றும் 1952 அக்டோபரில் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி கொல்லம் அருகே நீண்டகரையில் வேலை தொடங்கியது. விசைப்படகும் ஐஸ் பிளாண்டும் ஒன்றாகவே வந்தன. 1953இல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குப் போனது. 1960களில் திட்டம் தமிழகத்தின் மண்டபத்துக்கும் விரிந்தது. சென்னை மாகாணத்தில் சர் ஃபிரடெரிக் நிக்கல்சன் முன்னின்று 1907இல் மீன்வள அலுவலகம் தொடங்கியபோது மீனைக் காக்கும் வழி உப்பும் வெயிலுமே. அரை நூற்றாண்டில் அது பனியும் உறைவிப்பானுமாக மாறியது.

கடலூர்க் கரைக்கு வந்தது பெரும்பாலும் இதில் முதல் பாதி. கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, அன்னங்கோயில், முடசலோடை என்று நீளும் இறங்குதளங்களுக்கு வேண்டியது படகில் ஏற்றிச்செல்ல ஐஸ், மீனை லாரியில் அடுக்க ஐஸ். சிதம்பரம் வட்டாரத்துப் பண்ணைகளில் அறுவடையாகும் வன்னாமி இறாலும் ஐஸில் பொதிந்தே வெளியூர்ப் பதன ஆலைகளுக்குப் போகிறது. மத்தி மீன் கூட்டம் கூட்டமாக மாட்டும் நாளில் ஐஸின் தேவை ஒரே இரவில் பல மடங்காகும். மத்தியை வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைக்குத் தமிழக அரசு 2000இல் விதித்த தடையும், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அனுமதித்து உச்சநீதிமன்றம் 2023 ஜனவரியில் பிறப்பித்த இடைக்கால ஆணையும், மீனவரின் வாழ்வோடு ஐஸ் பிளாண்டின் ஓட்டத்தையும் சேர்த்தே பாதிப்பவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பிரைன் தொட்டிகளுக்கு வேலை குறையும். அந்த இரண்டு மாதங்களில்தான் காயிலைச் சோதிக்கவும் பழைய வால்வை மாற்றவும் அவகாசம் கிடைக்கும்.

இப்படி ஒரு நாள் உச்சத்தில் ஓடி மறுநாள் அடங்கும் தொழிலுக்கு ஈர்ப்பு முறை பொருந்திப்போனது. குளிர வேண்டிய தொட்டி ஒன்றே. வெப்பநிலை கழித்தல் 15ஐச் சுற்றியது. பம்பைத் தேவையாக்கும் இரண்டு நிலைமைகளும் இங்கே இல்லை. மூன்றாவதாக, மின்வெட்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் மாவட்டத்தின் மின்கம்பங்களை வரிசை வரிசையாகச் சாய்த்தது. அடுத்து வந்த 2012இல் தமிழகம் முழுதும் நீண்ட நேர மின்வெட்டு. பம்பு முறையில் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கம்ப்ரஸர் வேகமாக இழுத்தால் கலத்தின் அழுத்தம் சரிந்து, திரவம் முழுதும் கொதித்து, பம்பு பிடிப்பை இழக்கும். மெதுவாக ஏற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும். ஈர்ப்பு முறையில் கம்ப்ரஸரும் அஜிடேட்டரும் ஓடத் தொடங்கினால் காயிலுக்குள் சுற்று தானாகவே தொடங்கிவிடும். பெரிய உப்புக் கரைசல் தொட்டியும் சில மணி நேரம் குளிரைத் தாங்கும். இந்தப் பொருத்தத்தைப் பார்க்காமல் ஐஸ் பிளாண்டுகளைப் பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்கும் அறிக்கைகளைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவற்றில் பழையன உண்டு: துருப்பிடித்த குழாய், கசியும் கிளாண்டு, அளவுமானி இல்லாத கலம். அவற்றை மாற்றத்தான் வேண்டும். சுற்றும் முறையை மாற்ற வேண்டியதில்லை.

தூத்துக்குடி, கொச்சி போன்ற ஏற்றுமதி மையங்களில் கதை வேறு. 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மீன்பொருள்களுக்குத் தடை விதித்தபோது, சுகாதாரத்திலும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டிலும் ஆலைகள் தங்களைத் திருத்திக்கொண்டுதான் மீண்டும் ஒப்புதல் பெற முடிந்தது. இறாலின் மையம் கழித்தல் 18க்கு விரைவாக இறங்க வேண்டும். அதற்குத் தட்டு உறைவிப்பான்கள், ஒவ்வோர் இறாலையும் தனித்தனியாக உறையவைக்கும் சுரங்க உறைவிப்பான்கள், பக்கத்தில் சேமிப்பு அறைகள். கழித்தல் 40 டிகிரி, பல இடங்கள், நீண்ட குழாய்கள். பம்பு வந்தாக வேண்டிய இடம் அதுதான். தேசியத் தோட்டக்கலை வாரியம் 2010இல் வெளியிட்ட குளிர்க்கிடங்குத் தரநிலைகளும் ஈர்ப்பு முறை, பம்பு முறை இரண்டையுமே ஏற்கத்தக்க வழிகளாக வைத்தன. அது சரியான பார்வை.

தூரத்தின் விலை

பம்பு தூரத்தைக் கடந்தது; கூடவே அமோனியாவையும் தூரத்துக்குக் கொண்டுபோயிற்று. ஐஸ் பிளாண்டில் திரவம் தொட்டி ஓரத்தோடு நின்றது. பம்பு முறையில் அது ஆட்கள் வேலை செய்யும் கூடங்களின் கூரைக்கு மேலே, உறைவிப்பான்களின் நெகிழ் குழாய்களுக்குள், டன் கணக்கில் தங்குகிறது. இறால் உரிக்கும் கூடங்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பலர் வெளியூர், வெளிமாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதன ஆலை ஒன்றில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் பலர் மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு ஏழு மாதம் முன்பு, 2023 டிசம்பர் 26 இரவில், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியா பெரியகுப்பத்து மக்களை வீட்டைவிட்டு ஓடவைத்தது. பின்னது குளிர்பதன விபத்து அல்ல, உரத் தொழிலினது. ஆனால் இந்த வாயுவைக் குழாயில் நீண்ட தூரம் கொண்டுபோவதன் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதை இரண்டும் ஒன்றுபோலவே காட்டின. கசிவை உணரும் கருவியும், பம்பைத் தானாக நிறுத்தித் திரவக் குழாயை மூடும் வால்வும், வெளியேறும் வழியை எல்லா மொழியிலும் சொல்லித்தரும் பயிற்சியும் பம்பின் விலையோடு சேர்த்தே கணக்கிடப்பட வேண்டிய செலவுகள்.

அமோனியாவைக் கைவிடுவது இதற்கு விடையாகாது. ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987இன் மாண்ட்ரியல் ஒப்பந்தம் தொடங்கிவைத்த வழியில் அது விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்தவற்றுள் பல புவியைச் சூடாக்குபவை. அமோனியா இரண்டையும் செய்யாது. எனவே பொறியாளர்கள் இப்போது அமோனியாவைக் குறைவான அளவில், இயந்திர அறைக்குள்ளேயே அடைத்துவைக்கும் வழியைத் தேடுகிறார்கள். பழைய லோரென்ட்சன் 1990களில் மீண்டும் முன்னெடுத்த கரியமில வாயு அதற்குக் கைகொடுக்கிறது. இயந்திர அறையில் அமோனியா கரியமில வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும். அந்தத் திரவத்தைப் பம்பு கூடத்துக்குள் தள்ளும். அங்கே அது கொதித்துத் திரும்பும். கழித்தல் 40 டிகிரியில் அதன் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு ஏறக்குறைய 320 கிலோஜூல், அமோனியாவினதில் நாலில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆகவே கூடுதல் திரவம் ஓட வேண்டும். அழுத்தமும் பத்து பாருக்கு மேல். அதற்கேற்பத் தடித்த உடலோடு அதே உறையிட்ட மோட்டார்ப் பம்புகள் தயாராகின்றன. தண்டு வெளியே வராத, தன் திரவத்திலேயே குளிரும் அந்த வடிவமைப்பில் அடிப்படை மாற்றம் ஏதும் தேவைப்படவில்லை. கடலூர்த் துறைமுகத்தில் என்றாவது ஒரு பெரிய உறைபதன ஆலை எழுமானால், அது இந்த இணைமுறையிலேயே தொடங்கலாம்: கூடத்துக்குள் கரியமில வாயு, இயந்திர அறைக்குள் அமோனியா, பக்கத்து ஐஸ் பிளாண்டின் காயிலில் வழக்கம்போல ஈர்ப்பு விசை.